வயிற்றுவலிக் கொப்பி

என் வயிற்றைப் பற்றி எங்கள் லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருந்த பன்னிரண்டு வீட்டாருக்கும் ஆளுக்கொரு கருத்து இருந்தது. காலையில் நான் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கக்கூஸை நோக்கி ஓடும்போதே, "இன்னைக்கும் ஆரம்பிச்சிருச்சா?" என்று இரண்டு மூன்று வாசல்களிலிருந்து குரல் வரும். நான் நின்று பதில் சொன்னதில்லை. நிற்க முடிந்திருந்தால் ஏன் ஓடுகிறேன்?

அப்போது எனக்குப் பத்து வயது. தெமோதரைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டமொன்றில் இருந்தோம். அம்மா கொழுந்து எடுக்கப் போவார். அப்பா கவ்வாத்து வெட்டுவார், அதாவது வயதாகிப்போன தேயிலைச் செடிகளை மட்டமாக வெட்டிவிடும் வேலை. அக்கா எட்டாம் ஆண்டு, நான் ஐந்தாம் ஆண்டு. ஐந்தாம் ஆண்டு என்றால் புலமைப்பரிசில் பரீட்சை. அதில் வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்துவிட்டால் பதுளையில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் இடம் கிடைக்கும். எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் என்னைத்தான் எல்லாரும் நம்பியிருந்தார்கள். பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது என் வயிறு என்னைக் கைவிட்டது.

வலி நேரம் தவறாமல் வந்தது. இரண்டாம் பாடத்தில், டீச்சர் கரும்பலகையில் பின்னக் கணக்கு ஒன்றை எழுதிவிட்டுத் திரும்பும்போது, தொப்புளைச் சுற்றி யாரோ ஈரத்துணி பிழிவதுபோல் இருக்கும். பிறகு வயிறு உப்பிக்கொண்டு கடமுடா என்று சத்தம் போடும். பக்கத்து மேசைப் பிள்ளைகளுக்கே அது கேட்கும். அதற்குப் பிறகு ஓட்டம்தான். நான் திரும்பி வரும்போது கணக்கு முடிந்து, கரும்பலகையும் அழிக்கப்பட்டிருக்கும்.

"பரீட்சை அன்னைக்கும் இப்படி எழும்பி ஓடுனா என்னடி பண்ணுவ?" என்று அம்மா கேட்பார். எனக்கும் அதே பயம்தான். வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்த மண்டபத்தில் அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால் எழுந்து ஓடுவதை நினைத்தால் எனக்கு அழுகையே வந்துவிடும்.

ஆளாளுக்கு வைத்தியம் நடந்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா கண்ணூறு என்றார். உப்பையும் செத்தல் மிளகாயையும் என் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டதில் பெரியம்மாவுக்கே இருமல் வந்ததுதான் மிச்சம். அப்பா, வயிற்றில் பூச்சி என்றார். தோட்டத்து டிஸ்பென்சரியில் குளுசை வாங்கித் தந்தார். அம்மாவின் தம்பி, ஆட்டோ ஓட்டுகிற மாமா, எல்லாம் தெரிந்தவர். "வயித்துல ஒண்ணுமில்லக்கா. கோளாறு மண்டையிலதான். பரீட்சைப் பயம்," என்று என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். அந்தத் தட்டுத்தான் அவருடைய மருந்து. அம்மா மட்டும், படிக்கிற பிள்ளைக்குத் தெம்பு வேண்டும் என்று காலையில் என் தேத்தண்ணியில் இரண்டு கரண்டி பால்மாவைக் கூடப் போட்டுக் கலக்கித் தந்தார்.

எதிலும் சரிவராமல் கடைசியில் அம்மா ஒரு நாள் வேலைக்குப் போகாமல் என்னைப் பதுளைக்கு, ஒரு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

யாழ்ப்பாணத்துப் பெண் டொக்டர். மூக்குத்தி போட்டிருந்தார், கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டுப் பேசுவார். என் வயிற்றை அங்கும் இங்கும் அமுக்கிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். மாமாவைப் போலத் தலையில் தட்டவில்லை என்பதால் எனக்கு உடனே அவரைப் பிடித்துவிட்டது.

"பிள்ளைக்கு ஏதோ ஒரு சாப்பாடு ஒத்துக்கொள்ளேல்லை எண்டு நினைக்கிறன்," என்றார். "எது எண்டு கண்டுபிடிக்கோணும். ரெண்டு கிழமைக்கு நான் எழுதித் தாற சாப்பாட்டை மட்டும் குடுங்கோ. வயிறு அமைதியானாப் பிறகு, மூண்டு நாளைக்கு ஒண்டு எண்டு மற்றச் சாப்பாட்டைச் சேர்த்துக்கொண்டு வருவம். எதைச் சேர்க்கேக்கை வலிக்குதோ, அதுதான் ஆள்."

இதைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் உற்சாகமாகிவிட்டது. என் வயிற்றுக்குள் ஒரு திருடன் ஒளிந்திருக்கிறான், அவனைப் பிடிக்கப் போகிறோம் என்று விளங்கிக்கொண்டேன். டொக்டர் ஒரு தாளில் எழுதினார். சோறு, பூசணிக்காய், கரட், போஞ்சி, வாழைப்பழம் கொடுக்கலாம். கோதுமை மா, முட்டை, கருவாடு, பருப்பு, கச்சான் கடலை, பால் கூடாது.

"பால் குடிக்கிறவவோ?" என்று கேட்டார்.

"பாலுக்கு நாங்க எங்கங்க போறது டொக்டரம்மா? மேல் லயத்துல ஒரு வீட்லதான் மாடு இருக்கு. அது பிரச்சினையே இல்லங்க," என்றார் அம்மா.

"நல்லது. வாய்க்குள்ளை போறதெல்லாத்தையும் ஒரு கொப்பியிலை எழுதிக்கொண்டு வாங்கோ," என்றார் டொக்டர் என்னைப் பார்த்து.

பாதி எழுதிய பழைய சுற்றாடல் பாடக் கொப்பி ஒன்று வீட்டில் இருந்தது. எழுதிய பக்கங்களைக் கிழித்துவிட்டு, அட்டையில் 'வயிற்றுவலிக் கொப்பி' என்று மூன்று நிறத்தில் எழுதினேன். அக்கா பார்த்துவிட்டு, "சீ, பேரப் பாரு," என்றாள். அவளுக்கு இப்படி ஒரு கொப்பி இல்லையே என்ற வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் காலைக்கு ரொட்டிதான். தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்த கோதுமை மா ரொட்டியும் சம்பலும். ஆறு மணிக்குமேல் பெரட்டு, அங்கே பேர் கொடுத்துவிட்டுத்தான் மலைக்குப் போகவேண்டும். அதற்குள் அம்மாவால் செய்யக்கூடியது ரொட்டி ஒன்றுதான். இப்போது எனக்காக அரை மணித்தியாலம் முந்தி எழுந்து சோறாக்கினார். பூசணிக்காயை உப்பும் மஞ்சளும் போட்டு அவித்தார். அக்காவும் அப்பாவும் ரொட்டியைச் சம்பலில் தொட்டுத் தொட்டுத் தின்னும்போது நான் மஞ்சள் நிறச் சோற்றை உருட்டி உருட்டி விழுங்குவேன். சம்பல் வாசனை மூக்கிலே ஏறும். ஆனாலும் கொப்பி இருந்ததே, அந்தப் பெருமையில் சமாளித்தேன்.

லயத்திலும் என் மதிப்பு உயர்ந்துவிட்டது. "ஒண்ணும் திங்கக்கூடாதாம் புள்ள," என்று எல்லாரும் இரக்கப்பட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பெரியம்மா வாசல் இஸ்தோப்பில் நின்று, "ரொட்டி தரமாட்டேன், உங்கம்மா ஏசுவா. இந்தா, தேத்தண்ணியாவது குடிச்சிட்டுப் போ," என்று கூப்பிடுவார். நான்காவது வீட்டிலும் அப்படித்தான். மாலையில் வகுப்பு எடுக்கிற டீச்சர் வீட்டில் மற்றப் பிள்ளைகளுக்கு பிஸ்கட்டும் தேத்தண்ணியும், எனக்கு பிஸ்கட் இல்லை என்பதால் கப் நிறையத் தேத்தண்ணி. அம்மாவோ, வெறும் சோறு தின்று பிள்ளை வாடிப்போகிறதே என்று இன்னொரு கரண்டி பால்மாவையும் சேர்த்துவிட்டார். கரண்டி நிற்கும், அவ்வளவு திக்கு.

நான் கொப்பியில் நேர்மையாக எழுதினேன். 'காலை சோறு, பூசணிக்காய். பகல் சோறு, கரட். இரவு சோறு, போஞ்சி.' கையெழுத்தும் அழகாக இருந்தது.

வலி மட்டும் குறையவில்லை. சொல்லப்போனால் கூடியது. முன்பு இரண்டாம் பாடத்தில் வந்தது, இப்போது முதலாம் பாடத்திலேயே வந்தது. ஒரு வாரத்தில் லயத்தின் இரக்கமெல்லாம் சந்தேகமாக மாறிவிட்டது.

"ஒளிச்சு மறைச்சு எதையோ திங்கிறாக்கா. அனுபவத்துல சொல்றேன், நானும் சின்ன வயசுல இப்படித்தான்," என்றார் மாமா. அன்றே அக்கா என் புத்தகப் பையிலிருந்து ஒரு டொபித் தாளைக் கண்டுபிடித்தாள். அது எப்போதோ தின்றது. பூப்போட்ட தாள் என்பதால் புத்தகத்தில் வைத்திருந்தேன். யாரும் நம்பவில்லை. மாரியம்மன்மேல் சத்தியம் செய்தேன். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அவர் சோர்ந்துபோய்ப் பார்த்தார்.

என் வாழ்க்கையில் அதுவரை அவ்வளவு பெரிய அநியாயம் எனக்கு நடந்ததில்லை. வகுப்பில் ஒரு பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கேக் கொடுத்தார்கள். கையில் வாங்கி, முகர்ந்து பார்த்து, அப்படியே பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்தவள் நான். அப்படிப்பட்ட என்னைப் போய்க் கள்ளி என்றால் எப்படி இருக்கும்? அன்று பூசணிக்காயையும் வேண்டாமென்று தள்ளிவிட்டு மூலையில் போய் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் அம்மா கொப்பியை என்னிடமிருந்து வாங்கி அக்காவிடம் கொடுத்தார். "இனி நீ எழுது. அவ கூடவே போ, கூடவே வா. வாயில எது போனாலும் எழுது. ஒண்ணையும் விடாத," என்றார்.

அக்காவுக்குத் தீபாவளி வந்ததுபோல் ஆகிவிட்டது. அவள் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. அதிலும் என்னைப் போட்டுக்கொடுக்கிற வேலை என்றால் கேட்கவே வேண்டாம். பள்ளிக்கூடத்துச் சேர் ஒருவரிடமிருந்து பழைய கைக்கடிகாரம் ஒன்றைக்கூட இரவல் வாங்கிக்கொண்டாள். நான் போகுமிடமெல்லாம் நான்கடி பின்னால் வந்தாள். இடைவேளையில் எட்டாம் ஆண்டு வகுப்பிலிருந்து ஓடிவந்து என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு நாள் பின்னேரம் மூன்று மணிவரை அவள் எழுதியது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

'5.40 தேத்தண்ணி, பெரிய கப். 6.05 பல்பொடி, கொஞ்சம் விழுங்கினாள். 6.20 சோறு, பூசணிக்காய், மூன்று வாய் மிச்சம் வைத்தாள். 6.50 பெரியம்மா வீட்டில் தேத்தண்ணி. 8.15 பென்சில் கடித்தாள். 8.20 மறுபடியும் பென்சில். 10.30 வாழைப்பழம். 2.10 பெரியம்மா வீட்டில் தேத்தண்ணி. 2.20 நாலாவது வீட்டில் தேத்தண்ணி. 2.40 சோறு, கரட். 3.00 நகம்.'

நகத்தைக்கூட விடவில்லை பாருங்கள். இப்படி ஐந்து நாள் எழுதினாள். ஒரு டொபி, ஒரு ரொட்டித் துண்டு, ஒரு கச்சான் கொட்டை அகப்படவில்லை. அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. நான் அவளைப் பார்த்து நாக்கை நீட்டினேன். அதையும் நேரம் போட்டு எழுதினாள்.

இரண்டு கிழமை முடிந்து அம்மா, அக்கா, நான் மூன்று பேரும் பதுளைக்குப் போனோம். டொக்டர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கொப்பியைப் படித்தார். என் பக்கங்களைத் தலையாட்டிக்கொண்டே சீக்கிரமாகப் புரட்டினார். அக்காவின் பக்கங்கள் வந்ததும் நிறுத்தி நிறுத்திப் படித்தார். பல்பொடிக்குச் சிரித்தார். நகத்துக்கும் சிரித்தார்.

"இது ஆர் எழுதினது?"

"நான்தாங்க," என்றாள் அக்கா.

"கெட்டிக்காரி," என்றார் டொக்டர். எனக்கு எரிந்துகொண்டு வந்தது.

பிறகு பேனாவை எடுத்து ஒரே நாளுக்குரிய பக்கத்தில் வட்டம் போட ஆரம்பித்தார். "தேத்தண்ணி, தேத்தண்ணி, இஞ்சையும் தேத்தண்ணி... ஏழு தரம்! அம்மா, இது வெறும் தேத்தண்ணியோ, பால் விட்டதோ?"

"பால்மா போட்டுத்தாங்க. புள்ள பரீட்சைக்குப் படிக்குதுன்னு இவளுக்கு மட்டும் கொஞ்சம் திக்காவே போடுறேன்."

"நீங்கள் பால் குடுக்கிறேல்லை எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"பால் குடுக்கலிங்களே. தேத்தண்ணிதாங்க குடுத்தேன்."

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "தங்கச்சி எழுதின பக்கத்திலை ஒரு இடத்திலையும் தேத்தண்ணி இல்லையே, ஏன்?"

அம்மா குழம்பிப்போய் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கடைசியில் டொக்டரைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். "தேத்தண்ணியெல்லாமா எழுதுவாங்க டொக்டரம்மா? அது சாப்பாடா?"

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. எங்கள் தோட்டத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். கண் விழித்தால் தேத்தண்ணி, ஆள் வந்தால் தேத்தண்ணி, அழுதால் தேத்தண்ணி. நாள் முழுக்கத் தேயிலைக்குள் நிற்கிறவர்களுக்கு அது ஒரு பண்டமாகவே தெரிவதில்லை. பெரியம்மா வெள்ளிக்கிழமை விரதம் இருப்பார். பல்லில் பச்சைத் தண்ணீர் படாத விரதம் என்பார். அதற்கிடையில் மூன்று தேத்தண்ணி குடிப்பார். விரதம் முறிந்ததாக அவரும் நினைத்ததில்லை, மாரியம்மனும் கோபித்துக்கொண்டதில்லை.

டொக்டர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். சத்தம் கேட்டு வெளியில் இருந்த தாதி எட்டிப் பார்த்தார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விளக்கினார். பாலில் இருக்கிற ஒரு இனிப்பு சிலருடைய வயிற்றில் செமிக்காதாம். தூளாக வந்தாலும் பால் பால்தானாம். பயப்பட ஒன்றுமில்லை, பால்மாவை நிறுத்திவிட்டு மற்றதை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள் என்றார்.

பஸ்ஸில் ஏறியதும் அம்மா சிரிக்க ஆரம்பித்தார். "புள்ளைக்குத் தெம்பு வரட்டும்னு ஊத்துன பாரு!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அக்காவும் நானும் சேர்ந்துகொண்டோம். கண்ணில் தண்ணீர் வருமளவு சிரித்தோம். பிறகு அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துவிட்டு என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். தெமோதரை வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். சிரித்துக் களைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

லயத்தில் செய்தி ஐந்து நிமிடத்தில் பன்னிரண்டு வீட்டுக்கும் போய்விட்டது. "திருடன ஊரெல்லாம் தேடிட்டு, கடைசியில நாமளேதான் கப்புல ஊத்திக் குடுத்திருக்கோம்," என்றார் மாமா. பெரியம்மா என் கன்னத்தைத் தடவி, "எங்கிட்டயும் குடிச்சியே ராசாத்தி," என்று மூக்கைச் சிந்தினார். என்னைக் கள்ளி என்றதற்காக அக்கா மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றேன். "நான் எழுதலேன்னா நீ இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருப்ப," என்றாள். உண்மைதான் என்பதால் அதற்கு மேலே வற்புறுத்தவில்லை.

பால்மாவை நிறுத்திய நான்காம் நாள் இரண்டாம் பாடம் வந்தது, போனது. பின்னக் கணக்கைக் கடைசி வரிவரை பார்த்தேன். அவ்வளவு அழகான கணக்கை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. பால் போடாத பிளேன்டீயும் எனக்குப் பிடித்துப்போனது. சீனியை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, நாக்கு நுனியால் தொட்டுத் தொட்டு, சூடான பிளேன்டீயை உறிஞ்சுவதில் ஒரு தனி ருசி இருக்கிறது.

அடுத்த மூன்று கிழமையும் லயத்தில் திருவிழாதான். மூன்று நாளைக்கு ஒரு சாப்பாடு சேர்க்கவேண்டுமல்லவா? முட்டைக்குரிய நாள் வந்தபோது கோழி வளர்க்கிற வீட்டிலிருந்து முட்டை வந்தது. நான் தின்பதைப் பார்க்கப் பிள்ளைகள் கூடினார்கள். தின்று முடித்ததும், "வலிக்குதா? இப்ப வலிக்குதா?" என்று மாறி மாறிக் கேட்டார்கள். வலிக்கவில்லை. பருப்பும் தப்பித்தது. கருவாடும் தப்பித்தது. ரொட்டிக்குரிய நாளில் மட்டும் அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு அடுப்படியில் நின்றார். ரொட்டி ஒத்துக்கொள்ளாமல் போனால் ஆயுளுக்கும் அரை மணித்தியாலம் முந்தி எழும்பவேண்டியது அவர்தானே. நான் ஒன்றல்ல, மூன்று ரொட்டியைச் சம்பலோடு தின்றேன். மூன்று நாளும் வயிறு வாயைத் திறக்கவில்லை. அம்மா சாமிப்படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தினார்.

கடைசியாக, டொக்டர் சொன்னபடி, ஒரு சனிக்கிழமை சோதனைக்காகப் பால் தேத்தண்ணி ஒரு கப். அம்மா கலக்கித் தந்தார். அப்பா, அக்கா, மாமா, பெரியம்மா எல்லாரும் இஸ்தோப்பில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். ஒரு மணித்தியாலம் ஒன்றுமில்லை. அக்கா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் போனது. திடீரென்று உள்ளே கடமுடா என்றது.

"வலிக்குது!" என்று கத்திக்கொண்டே எழும்பினேன். "அம்மா, நல்லா வலிக்குது!"

எல்லாரும் கைதட்டினார்கள். மாமா விசில் அடித்தார். கைதட்டலுக்கு நடுவில் நான் கக்கூஸுக்கு ஓடினேன். வயிற்றுவலியோடு அவ்வளவு சந்தோஷமாக ஓடியது அந்த ஒரு தடவைதான்.

பரீட்சை மண்டபத்தில் இரண்டு வினாத்தாளுக்கும் நான் இருந்த இடத்தைவிட்டு எழும்பவில்லை. அன்று மாலை லயத்தில் அதுதான் பேச்சு. என்ன எழுதினேன் என்று ஒருவரும் கேட்கவில்லை, "எழும்பலியே?" என்றுதான் கேட்டார்கள். வெட்டுப்புள்ளியைக் கொஞ்சத்தில் தாண்டிவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் அதையே நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

ஆனால் அந்தக் காலத்தில் நான் கண்டுபிடித்த பெரிய விஷயம் வேறு. பதுளையிலிருந்து இரண்டாம் முறை வந்த அன்றே அம்மா தானும் பால் தேத்தண்ணி குடிப்பதை நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டேன். "என்னமோ தெரியல, எனக்கும் நெஞ்செரியுதுடி," என்றார். இரண்டு நாளில் அப்பாவும் பிளேன்டீ கேட்டார். அவருக்குத் தலை சுற்றுகிறதாம். அக்காவுக்கு முகத்தில் பரு வருகிறதாம். காலையில் சவாரிக்குப் போகுமுன் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிக்கிற மாமாவுக்கு மூக்கடைக்கிறதாம். பெரியம்மாவுக்கு என்ன நோய் வருத்தம் என்று தெரியவில்லை, நான் வாசலில் தலையைக் காட்டியதும் கப்பை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் ஒருத்தியிடம் தேடியது குடும்பம் முழுக்க இருந்திருக்கிறது! ஒருவருக்கு நெஞ்சிலும் ஒருவருக்கு மூக்கிலும் வந்ததால்தான் இத்தனை வருஷமாக யாரும் கவனிக்கவில்லை. கொப்பியில் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி, கோடு போட்டு, வருத்தத்தின் பெயரையும் எழுதினேன். பரீட்சை முடிந்து டொக்டரிடம் போனபோது, என் வயிற்றைப் பற்றி அவர் கேட்பதற்கு முன்பே கொப்பியை விரித்து நீட்டினேன்.

"எங்க வீட்ல எல்லாருக்கும் ஒத்துக்கல டொக்டர். நான்தான் கண்டுபிடிச்சேன்."

டொக்டர் ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். 'அம்மா – நெஞ்செரிச்சல். அப்பா – தலைச்சுற்று. அக்கா – பரு. மாமா – மூக்கடைப்பு.' பிறகு கண்ணாடிக்கு மேலாக அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரில் தொங்கிய கலண்டரைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார். அக்கா குனிந்து செருப்பைச் சரிசெய்தாள்.

"உங்களுக்கும் நெஞ்செரிவோ?" என்று டொக்டர் கேட்டார்.

"லேசாதாங்க," என்றார் அம்மா, கலண்டரைப் பார்த்தபடியே.

டொக்டர் கொப்பியை மூடி என் கையில் தந்தார். "இதுக்கு நான் மருந்து எழுதமாட்டன், பிள்ளை. இது மாத்தக்கூடாத வருத்தம்," என்றார். அவருடைய குரல் ஒரு மாதிரி இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. சின்னப் பிள்ளைகளுடைய வயிற்றுக்கு இவர் நல்ல டொக்டர்தான், பெரியவர்களுடைய நெஞ்சைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று முடிவு செய்தேன்.

பதுளை பஸ் ஸ்டாண்டில் எங்கள் பஸ் வர நேரமிருந்தது. "ரெண்டு பேரும் இங்கனயே இருங்க. வெத்தல வாங்கிட்டு வந்துர்றேன்," என்று அம்மா போனார். வெற்றிலை வாங்குவதற்கு வெகுநேரம் எடுத்தது. திரும்பி வந்தபோது முகம் நன்றாகத் தெளிந்திருந்தது. மேல் உதட்டில் மட்டும் வெள்ளையாக ஒரு கோடு, நுரை காய்ந்த கோடு.

"அம்மா! பால் டீ குடிச்சீங்களா?"

அம்மா சட்டென்று சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தார். "கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டான்டி. கவனிக்கல."

எனக்குப் பகீரென்றது. கொப்பியை எடுத்து, மடியில் வைத்து எழுதினேன். 'அம்மா. பதுளை பஸ் ஸ்டாண்ட். தவறுதலாகப் பால் டீ. மூன்று நாள் பார்க்கவேண்டும்.' அக்கா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். எதற்கென்று தெரியவில்லை.

மூன்று நாளும் நான் அம்மாவை விடவில்லை. அவர் மலையிலிருந்து வந்து கூடையை இறக்கும்போதே, "எரியுதா?" என்று கேட்பேன். மூன்றாம் நாள் மாலை, அடுப்பில் பிளேன்டீக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கொப்பியும் பென்சிலுமாகப் போய் நின்றேன். அம்மா என் இரண்டு கன்னத்தையும் ஈரக்கையால் பிடித்துக்கொண்டு, "இன்னும் லேசா எரியுதுடி தங்கம்," என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

நெஞ்செரிகிற ஒருவர் ஏன் அப்படிச் சிரிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. 'சிரித்தார்' என்பதையும் அந்த வருத்தத்தின் அறிகுறியாகக் கொப்பியில் எழுதிவைத்தேன்.